இருபத்தைந்து மில்லிமீட்டர்

அகலக் கோண லென்ஸ் முதன்முதலாக வாங்குகிறவர்கள் முப்பத்தைந்து மில்லிமீட்டரில் தொடங்குவது நல்லது. இருபத்திரண்டு வருடம் லென்ஸ் சோதிக்கும் மேசையில் உட்கார்ந்தவள் என்கிற முறையில், யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லிவருகிறேன். கோகுச்சி ஃபுமியேயிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்தது அந்த ஒரு லென்ஸைப் பற்றித்தான். ஃபுமியேயின் படங்களைப் புத்தகமாகக் கொண்டுவருகிறீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் லென்ஸைக் குறிக்க வேண்டும். கடைசி நாள்வரை ஐம்பது மில்லிமீட்டரைத் தவிர வேறெதையும் தொடாதவளின் கடைசிப் படம் மட்டும் எப்படி இவ்வளவு அகலமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே முன்னுரையின் ஒரு பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் ‘வேறு எவரும் நிற்கத் துணியாத தூரத்தில் நின்றவர்’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அந்த வரியால்தான். அது இல்லாவிட்டால் லென்ஸின் பெயரை மட்டும் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டிருப்பேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உங்களுக்குப் பழக்கமா என்று தெரியவில்லை. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேல்மூலையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதன் வழியாகப் பார்ப்போம். ஜன்னலுக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகளால் ஒரு சட்டம் மிதக்கும். லென்ஸின் எண் குறையக் குறைய அந்தச் சட்டம் அகலும். சட்டத்துக்குள் இருப்பது படத்தில் விழும். சட்டத்துக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் விழாது. எதை விடுகிறோம் என்று பார்த்துக்கொண்டே விடுகிற கேமரா அது. நான் சொல்லப்போவதற்கு இது முக்கியம்.

ஃபுமியே எங்கள் தொழிற்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். ஏரிக்கரையில், முன்பு பட்டு நூற்ற கட்டடத்தில், நாற்பது பேர் லென்ஸ் தேய்க்கிற சின்ன இடம். அவளுக்கு என்னைவிட ஏழு வயது குறைவு. என்னைக் கினு அக்கா என்பாள். கேமராவைப் பிடிக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வரிசைக்காகச் சொல்கிறேன்.

ஐம்பத்தொன்பதாம் வருடம் ஜனவரியில் என் மகள் சயோ ஏரியில் மூழ்கினாள். நான்கு வயது. எங்கள் ஏரியின் அடியில் சில இடங்களில் வெந்நீர் ஊறும். அந்த இடங்களுக்கு மேல் பனி மெலிதாக இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. ஆண்கள் கோடாலியால் பனியை உடைத்துக்கொண்டிருந்தபோது நான் கரையில் நின்றேன். என் கூந்தல் அவிழ்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற என் மாமியார், “முடிய அள்ளி முடி, ஊரே வருது” என்றார். அள்ளி முடிந்தேன். கேட்டவுடன் செய்கிற பழக்கம் எனக்கு அந்த வீட்டில் வந்தது. இரண்டு கையும் தலைக்குப் பின்னால், வாயில் ஒரு கொண்டை ஊசி. ஃபுமியே அப்போது படம் எடுத்தாள்.

கோடையில் அது ஒரு புகைப்பட மாத இதழில் முதல் பரிசு பெற்றது. தலைப்பு ‘தாய்’. படத்தில் நான் மட்டும் இருந்தேன், பின்னால் பனி. கீழே நாலு வரியில் குழந்தை மூழ்கிய செய்தி. அழகாகத்தான் இருந்தேன். கண்ணாடி முன்னால் நிற்கிறவளைப் போல இருந்தேன்.

என் கணவர் அந்த இதழை விரித்துத் தரையில் வைத்தார். “இதுக்கு என்ன சொல்றே” என்றார்.

“உங்கம்மா சொல்லித்தான் முடிஞ்சேன்.”

“நான் எதுக்குடி அந்த நேரத்துல அதச் சொல்லப் போறேன்?” என்றார் மாமியார். “நான் இருந்த இருப்பு எனக்கே தெரியல.”

வயதான பெண்கள் இப்படித் தப்பித்துக்கொள்வார்கள். இலையுதிர் காலத்துக்குள் மணத்தை முறித்து என்னைப் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொதுக்குளியல் கூடத்தில் நான் தலை துவட்டும்போது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். கொஞ்ச நாளில் அங்கே போவதை விட்டேன்.

மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பயந்தார், பொய் சொன்னார். ஃபுமியே பயப்படவில்லை. அவளுடைய கேமரா ஜன்னலில் மாமியார் தெரிந்திருப்பார், வெள்ளைக் கோட்டுக்கு ஒரு விரல்கடை வெளியே. பார்த்துக்கொண்டே விட்டாள். என் வாழ்க்கையில் நடந்தது அவ்வளவுதான்: ஒரு விரல்கடை.

அவளோடு தொடர்ந்து பழகினேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பழகுவது கஷ்டம் என்பார்கள். எனக்குக் கஷ்டமாக இல்லை. பரிசுக்குப் பிறகு அவள் தொழிற்கூடத்தை விட்டு, நகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாடகை அறைக்கு வருவாள். தேநீரும் உப்பில் ஊறிய கீரைத் தண்டும் வைப்பேன். கீரையைக் கடித்துக்கொண்டே புதுப் படங்களைப் பாயில் பரப்புவாள். நான் நேர்மையாகக் கருத்து சொல்வேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவளிடம் என் குரல் உயர்ந்ததில்லை.

அறுபத்திரண்டு ஜூனில் ஒரு கடிதத்தோடு வந்தாள். அடுத்த வசந்தத்தில் டோக்கியோவில் அவளுடைய தனிக் கண்காட்சி.

“வாசல்லயே உங்க படம்தான் கினு அக்கா. ஆள் உயரத்துக்குப் போடறாங்களாம்.”

“என்னக் கேக்கலியே.”

“இப்பக் கேக்கறேன்ல?” என்று சிரித்தாள். “நீங்க யாருன்னு டோக்கியோவுல எவனுக்குத் தெரியும்? அது நீங்களே இல்ல அக்கா. அது ஒரு அம்மா.”

அப்போதுதான் அவளிடம் முதல் தடவையாக மாமியார் சொன்னதைச் சொன்னேன். உன் சட்டம் குறுகல், அதனால் அவர் வெளியே போய்விட்டார் என்றேன். ஃபுமியே கீரையைக் கீழே வைத்தாள்.

“அக்கா, நான் அங்கதானே நின்னேன்…” என்று தொடங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தேநீர் ஊற்றினாள். முடிக்கவில்லை. குற்றம் செய்தவர்கள் வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை மாட்ட வேண்டாம் என்று கேட்டேன். கேட்டதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

“அதில்லேன்னா கண்காட்சியே இல்ல” என்றாள். அதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னாள். பிறகு, “கடைசிச் சுவருக்கு ஒரு பெரிய படம் கேக்கறாங்க. அக்டோபர்ல நம்ம சின்னக் கோயில் மரம் இறங்குதுல்ல, அத எடுக்கலாம்னு இருக்கேன். ஐம்பதுல ஆளும் மரமும் மட்டும்தான் வரும். அகலமா ஒண்ணு வேணும். எது வாங்கட்டும்?” என்றாள்.

ஆறு வருடத்துக்கு ஒரு முறை எங்கள் பக்கத்துப் பெரிய கோயிலில் காட்டு மரத்தைச் சரிவில் இறக்கிக் கொண்டுவந்து தூணாக நடுவார்கள். அது வசந்தத்தில் நடக்கும், வெளியூர்க் கூட்டம் அதற்கு வரும். அதே வருடம் அறுவடைக்குப் பிறகு ஒவ்வொரு பேட்டையும் தன் சின்னக் கோயிலுக்குத் தன் மரத்தை இறக்கும். அதற்குத் தடுப்பு கிடையாது, காவலர்கள் கிடையாது, பேட்டைத் தீயணைப்புக் குழுவின் தலைவர் உஷியாமா மட்டும் துண்டைக் கட்டிக்கொண்டு கத்துவார். மரத்தின் முன்னால் உட்கார்ந்து வருகிறவன் மரச்சீவல் குஞ்சம் கட்டிய கோல் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருப்பான்.

ஐம்பத்தாறில் ஃபுமியே சரிவின் அடியில் நின்று எடுத்தாள். அப்போது அவளுக்காக ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன். கோலின் நுனி சட்டத்தின் மேல் கோட்டையும், மரத்தின் அடி கீழ்க் கோட்டையும் ஒரே சமயம் தொட்டால், மரம் ஏழு மீட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். அது ஒரு நொடிக்கு ஆறு மீட்டர் வரும். அந்தக் கணம் அழுத்து, அழுத்தியதும் இடது பக்கத்து எல்லைக்கல்லுக்குப் பின்னால் தாவு. தாவ ஒரு நொடி போதும். அன்று அது சரியாக வேலை செய்தது. அவள் பிறகு ஓடுகிற குதிரைக்கும் லாரிக்கும்கூட அதையே பயன்படுத்தினாள். அதற்குக் ‘கினு கணக்கு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்தக் கணக்கு ஐம்பது மில்லிமீட்டருக்கானது.

“முப்பத்தஞ்சு போதும்னு தோணுது” என்றாள் ஃபுமியே. “என் கேமரா ஜன்னல்லயே அதுக்குக் கோடு இருக்கு.”

முப்பத்தைந்து என்பது ஒரு அடி பின்னால் போய் நின்ற ஐம்பது, அவ்வளவுதான் என்றேன். இருபத்தெட்டு ரெண்டுங்கெட்டான். இருபத்தைந்து எடுத்தால் சரிவு, வானம், இரண்டு பக்கத்து மனிதர்கள், அவர்களுடைய வாய், எல்லாம் விழும். லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக வைத்தால் இரண்டு மீட்டரிலிருந்து தொடுவானம்வரை துல்லியம், குவியத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜன்னலில் அதற்குக் கோடு கிடையாது என்பது மட்டும்தான் குறை. கேமராவின் தலையில் தனியாக ஒரு கண்ணாடியைச் செருகி அதன் வழியாகப் பார்க்க வேண்டும். “உனக்குப் பழகிடும்” என்றேன். இந்த வாதங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் ஒரு நல்ல படக்காரருக்கு இவற்றையே சொல்லலாம்.

செருகும் கண்ணாடியைப் பற்றி ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதில் எல்லாம் பாதியாகத் தெரியும். பாதி அளவாகத் தெரிகிற பொருளை மனம் இரண்டு மடங்கு தூரத்தில் வைக்கும். வருகிற பொருள் மெதுவாக வருவதாகத் தோன்றும். பழகியவர்கள் இன்னொரு கண்ணைத் திறந்து வைத்துத் தப்பிப்பார்கள். ஃபுமியேவுக்கு ஒரு கண்ணை மூடாமல் பார்க்க வராது. எவ்வளவோ சொல்லிக் கொடுத்தும் வரவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் கூடத்துக்கு முப்பத்திரண்டு இருபத்தைந்துகள் சோதனைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து, ஓரம்வரை கலங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவளுக்கு மட்டமானதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அது என் மேசை இழுப்பறைக்குள் வந்தது. ஃபுமியே வாரா வாரம் கேட்டாள். இன்னும் முடியவில்லை என்று வாரா வாரம் சொன்னேன். ஒரு வாரம் அவள் கையில் இருந்திருந்தால், ஒரு நாயையோ சைக்கிளையோ எடுத்துப் பார்த்திருந்தால், புரிந்துகொண்டிருப்பாள். அவள் முட்டாள் இல்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு காலையில், சரிவின் அடியில், கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன்.

“இப்பவா குடுப்பீங்க? ஒரு ரோலாவது ஓட்டிப் பாத்திருப்பேனே.”

“நேத்து சாயந்தரம்தான் கைக்கு வந்துச்சு.”

லென்ஸைத் திருகிப் பொருத்தி, கண்ணாடியைச் செருகிக் கண்ணில் வைத்தாள். “எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. இதுல உஷியாமா மாமாகூட அழகா இருக்கார்.”

“டோக்கியோவுக்குப் போறதுக்கு முன்னாடியே வாய் நீண்டு போச்சு” என்றார் உஷியாமா. “போன தடவ மரம் உன்னத் தேடிக்கிட்டு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? கல்லத் தாண்டி முன்னால வந்தே, தூக்கி ஏரியில போடுவேன்.”

சொல்லி முடித்ததும் அவருக்கு என் நினைவு வந்தது. துண்டை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். இப்படித்தான் மூன்று வருடமாக என்னைச் சுற்றி எல்லோரும் பேச்சின் நடுவில் நகர்ந்து போனார்கள். ஃபுமியே ஒருத்தி மட்டும் நகர்ந்ததில்லை. அவளுக்கு என்னைப் பார்த்துப் பயம் இல்லை, வெட்கமும் இல்லை.

சரிவின் உச்சியில் பாட்டு தொடங்கியது. எல்லோரும் சேர்ந்து இழுப்பதற்காகப் பாடுகிற உயர்ந்த ஒற்றைக் குரல். ஃபுமியே கல்லுக்கு வலது பக்கம் குந்தி உட்கார்ந்தாள். திரும்பி என்னைப் பார்த்து, “கணக்கு அதேதானே அக்கா? கோல் மேல தொடணும், மரம் கீழ தொடணும்?” என்றாள்.

“அதேதான்” என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு சொல். லென்ஸ் பாதியானால் தூரமும் பாதியாகும், ஏழு மீட்டர் மூன்றரை ஆகும், ஒரு நொடி அரை நொடி ஆகும். எங்கள் கூடத்தில் ஆறு வருடம் இருந்தவளுக்கு இது பள்ளிக்கூடக் கணக்கு. அவள் ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிப்பாளா என்று பார்க்க ஒரு வாய்ப்பை நான் கொடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அப்படி ஒரு வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை.

வரப்பில் பெண்கள் இனிப்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு ஏறிப் போனேன். ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன். மரம் விளிம்பில் சாய்ந்தது, முனை இறங்கியது, ஆட்கள் கத்தினார்கள். புல்லில் பனி ஈரம் இருந்தது, நன்றாக வழுக்கியது. பதினைந்து மீட்டர், பத்து, ஏழு. ஏழில் அவள் அசையவில்லை. மூன்று பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கண்ணாடியில் மரம் இன்னும் தூரத்தில் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கண்ணையும் மூடிக்கொள்ளவில்லை.

அவள் தாவினாள் என்பதைச் சொல்ல வேண்டும். கணக்கின்படி அழுத்தினாள், கணக்கின்படி இடது பக்கம் தாவினாள். பாதி உடல் கல்லுக்குப் பின்னால் போயிருந்தது. அன்று மாலை மருத்துவமனையில் இறந்தாள்.

ஆகையால் உங்கள் முன்னுரையில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். அது துணிச்சல் இல்லை. எவரும் நிற்கத் துணியாத தூரத்தில் அவளும் நிற்கத் துணிந்திருக்க மாட்டாள். ஏழு மீட்டரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு செத்தாள். அந்த மூன்றரை மீட்டர் என்னுடையது. அவளை நான் கொன்றேன், அதற்கான கருவியை நானே சோதித்துத் தேர்ந்தெடுத்தேன். இவ்வளவு தெளிவாக எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

காவலர் ஒருவர் வந்து, எங்கே நின்றாள், மது குடித்திருந்தாளா என்று இரண்டு கேள்வி கேட்டார். லென்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நீங்கள்தான் முதல் ஆள்.

கேமரா அறுத்த வயலில் நெல் தாள்களுக்கு நடுவே விழுந்து கிடந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மேசையில் வைத்துச் சோதித்தேன், ஓரம்வரை அப்படியே இருந்தது. ஃபிலிமையும் நான்தான் கழுவினேன். மரம், கோல் பிடித்தவனின் பல், பின்னால் சரிவு, இரண்டு பக்கமும் வாய் திறந்த மனிதர்கள். அவள் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். லென்ஸைப் பற்றி நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

கண்காட்சி நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது என் தவறு. செத்துப்போனவளின் கண்காட்சி என்பதால் அதைப் பெரிய கூடத்துக்கு மாற்றினார்கள். வாசலில் என்னை ஆள் உயரத்துக்கு இல்லை, அதைவிடப் பெரிதாக மாட்டினார்கள். இப்போது உங்கள் புத்தகத்தின் அட்டையிலும் நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதனால்தான் இதோடு ஒன்றை அனுப்புகிறேன். ஃபுமியேயின் அம்மாவுக்கு எழுத்தும் படமும் தெரியாது. பிரித்து அடுக்க ஆள் இல்லாமல் எல்லா நெகடிவ்களையும் என்னிடம் கொடுத்திருந்தார். அவற்றில் அந்த ஜனவரிச் சுருளும் இருந்தது. இதழில் வந்தது முழுப் படம் இல்லை, இரண்டு பக்கமும் வெட்டியது. வெட்டாத நெகடிவ்வை நீங்களே பெரிதாக்கிப் பாருங்கள். எனக்கு வலது பக்கம் வெறும் பனி. இடது பக்கமும் பனிதான், நாற்பது அடிக்கு யாரும் இல்லை. அதற்கும் அப்பால், இதழில் வெட்டிவிட்ட ஓரத்தில், ஏரியின் நடுவில், அரிசி அளவில், உடைந்த பனியின் ஓரத்தில் ஒரு கிழவி முட்டி போட்டிருக்கிறார், இரண்டு ஆண்கள் அவருடைய தோளைப் பிடித்து இழுக்கிறார்கள். உருப்பெருக்கியில் முகம்கூடத் தெரிகிறது. என் மாமியார் மாதிரிதான் இருக்கிறது.

இதை வைத்து நீங்கள் எதுவும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஐம்பது மில்லிமீட்டர் எடுப்பது அவ்வளவுதான். அன்றைக்கு அவளிடம் ஒரு இருபத்தைந்து இருந்திருந்தால், அவர் என் பக்கத்தில் நின்றது கட்டாயம் விழுந்திருக்கும்.